பிள்ளை மறைப்பதற்கு முன்: மதுரைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெருநாய் கடித்ததை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. 'அந்தச் சந்துக்குள்ள உனக்கென்ன வேலை' என்று அடி விழும் என்ற பயம்தான். வெறிநோய் வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால் கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டால் அநேகமாக எந்த உயிரும் போகவேண்டியதில்லை. கடித்த நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள் என்று தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும். அதற்குப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள அரசு ராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பிள்ளை சொன்னால்தான் இதெல்லாம் நடக்கும்.

பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை பிள்ளைகளுக்கு வரும் பெரிய ஆபத்துகள் பலவும் இதே மாதிரிதான். பிள்ளை திட்டுக்குப் பயந்து மறைக்கிறது. விஷயம் தெரிந்ததும் வீடு மானத்துக்குப் பயந்து மறைக்கிறது. உதவி கிடைக்க வேண்டிய நேரம் அதற்குள் கடந்துபோகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காகத்தான். வரிசையாகச் செய்யலாம். அவசரம் என்றால் தேவையான படிக்கு நேராகப் போய்விடுங்கள்.

முதல் படி: சொன்னால் அடி விழாது என்பதைக் காட்டுங்கள்

'என்னன்னாலும் எங்கிட்டச் சொல்லு' என்று வாயால் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. அது கவனிப்பது, சின்ன விஷயத்தைச் சொன்னபோது நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைத்தான். டிபன்பாக்ஸ் தொலைந்தது, பரீட்சையில் மார்க் குறைந்தது, டியூஷன் பீஸிலிருந்து இருபது ரூபாய் எடுத்தது, இவற்றுக்கெல்லாம் வீட்டில் பூகம்பம் வந்தால் பெரிய விஷயம் எதுவும் நம் காதுக்கு வராது.

ஆகவே இன்றைக்கே வீட்டில் ஒரு விதி வையுங்கள். தானாக வந்து சொன்ன தப்புக்கு அன்றைக்கு அடியும் கிடையாது, வசவும் கிடையாது. பணத்தைத் திருப்பிக் கட்டுவது, மன்னிப்புக் கேட்பது போன்ற பொறுப்பை மறுநாள் பேசலாம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று வீட்டில் எல்லோரும் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் அணைத்துக்கொள்ள இன்னொருவர் பெல்ட்டை எடுத்தால் பிள்ளைக்கு மனதில் நிற்பது பெல்ட்தான்.

எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் பதின்ம வயதுப் பிள்ளை பேசாது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, துணி மடிக்கும்போது, பூண்டு உரிக்கும்போது பேசும். அப்போது நம் போனைக் கீழே வைத்துவிட வேண்டும். அம்மா அப்பாவிடம் சொல்லவே முடியாத விஷயம் என்றால் யாரிடம் சொல்லலாம் என்பதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு சித்தி, ஒரு டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, யாராகவும் இருக்கலாம். அந்தப் பெயர் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஆள் இல்லாத நேரத்தைக் கணக்கெடுங்கள்

பள்ளி விட்டு வரும் நேரத்துக்கும் நீங்கள் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு நேரம்? அப்போது பிள்ளை எங்கே, யாரோடு? சனிக்கிழமை? ஏப்ரல், மே முழுவதும்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேலைக்குப் போகும் தாயைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. எந்த நேரத்துக்குப் பெரியவர் துணை வேண்டும் என்று தெரிந்தால்தான் அந்த நேரத்துக்கு ஆள் பிடிக்க முடியும்.

கோடையில் நம் பக்கத்துப் பெரிய பயம் தண்ணீர்தான். கண்மாய், ஊருணி, மோட்டார் கிணறு, கல்குவாரிக் குட்டை, பெரியாறு பாசனக் கால்வாய். மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை விழுங்கும் பள்ளமாக இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. போகாதே என்று தடுப்பதை விட நீச்சல் கற்றுக்கொடுப்பது பயன் தரும். பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். நீச்சல் தெரிந்தாலும் பெரியவர் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒருவன் மூழ்கினால் இன்னொருவன் காப்பாற்றக் குதித்து இரண்டு பேரும் போவது அடிக்கடி நடக்கிறது. குதிக்காதே; வேட்டி, சேலை, கயிறு, காலி பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் வீசு, கத்து, ஆளைக் கூப்பிடு. இதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லிக்கொடுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லை என்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை மூச்சு ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

வண்டி விஷயத்தில் சட்டமே கடுமையாக இருக்கிறது. 18 வயது ஆகாத பையன் பைக் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடைக்குப் போய்வர ஸ்கூட்டி சாவியை நீட்டும் அப்பாக்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்குச் சின்னப் பிள்ளைகளை அழைத்துப்போனால் முன்கையில் பேனாவால் போன் நம்பரை எழுதிவிடுங்கள். தொலைந்தால் போலீஸ்காரரிடமோ குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ போகச் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாம் படி: ரத்தத்தைப் பாருங்கள்

'சோம்பேறி', 'புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம்' என்று திட்டு வாங்கும் பல பெண் பிள்ளைகளுக்கு உண்மையில் இருப்பது ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கண்ணின் கீழ் இமைக்குள் வெளுத்திருப்பது, தலைசுற்றல், மண், சாக்பீஸ், பச்சரிசி தின்னும் ஆசை, இவை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். செலவு இல்லை. 12 வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 15 வயதுக்கு மேற்பட்ட பையனுக்கு அந்த அளவு 13.

பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு பிசைகிறது என்று நிறையப் பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். மலம் கறுத்தால் பயமில்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுத் தொல்லையும் குறையும். வீட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல் கொடுங்கள், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ 'வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான்' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்த மாத்திரை மிட்டாய் இல்லை. 2023-ல் ஊட்டியில் பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அளவுக்கு மேல் விழுங்கி ஒரு சிறுமி இறந்தே போனாள். வீட்டில் இருக்கும் இரும்பு மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

அப்புறம் காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். உடம்பு வேகமாக வளர ஆரம்பிக்கும் ஆறாம் வகுப்பில் அந்தச் சாப்பாடு நின்றுவிடுகிறது. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கும் பிள்ளை ஒரு டம்ளர் டீயோடு ஓடுகிறது. முந்தின இரவே இரண்டு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ எடுத்து வைத்தால் போதும், பஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்ளும்.

நான்காம் படி: உதட்டுக்குள் இருக்கும் பொட்டலம்

பையன் பேசும்போது வாயைச் சரியாகத் திறக்காமல் பேசுகிறானா? மேலுதடு லேசாக உப்பியிருக்கிறதா? பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வெள்ளையாகத் தோல் தடித்திருக்கிறதா? சட்டைப் பையில் சின்ன வட்ட டப்பாவோ தேயிலைப் பை மாதிரி குட்டிப் பையோ கிடக்கிறதா? கூல் லிப் என்று பிள்ளைகள் சொல்வது அதுதான். புகை இல்லை, நாற்றம் இல்லை, வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது புகையிலை, அதில் நிக்கோட்டின் இருக்கிறது, பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. பள்ளி மாணவர்களிடம் இது பரவுவதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024-ல் கவலை தெரிவித்து அரசுகளிடம் விளக்கம் கேட்டது.

கண்டுபிடித்ததும் அடிக்காதீர்கள். முதலில் எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, எந்தக் கடை, இந்த மூன்றையும் நிதானமாகக் கேளுங்கள். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி இருக்கும். அது திமிர் இல்லை, நிக்கோட்டின் இல்லாமல் உடம்பு தவிக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் இதற்கு ஆலோசனை உண்டு. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் பல் டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

கடைக்காரரை விட்டுவிடக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்பது 2003 சட்டப்படி குற்றம். சிறுவருக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து எழுதி, பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகக் காவல் நிலையத்தில் கொடுங்கள். ஒரு கடையில் நின்றால் பக்கத்துத் தெருக் கடையும் யோசிக்கும்.

ஐந்தாம் படி: போன்

போனைப் பிடுங்கி வைப்பது எளிது. ஆனால் மிரட்டலுக்கு ஆளான பிள்ளை அதைச் சொல்லாமல் இருப்பதற்குப் பெரிய காரணமே போன் போய்விடும் என்ற பயம்தான். 'நீ மாட்டிக்கொண்டாலும் போனைப் பிடுங்க மாட்டேன், சேர்ந்து சரிசெய்வோம்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில்தான் சார்ஜ் ஏறவேண்டும்.

யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால், பெண் பிள்ளையானாலும் பையனானாலும், இப்படிச் செய்யுங்கள். பணம் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான். பேச்சை அழிக்காதீர்கள். மிரட்டிய செய்தி, அந்தக் கணக்கின் பெயர், இணைப்பு, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிள்ளையின் அந்தப் படத்தை மட்டும் 'ஆதாரம்' என்று மாமாவுக்கும் வக்கீலுக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். சிறுவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது யார் செய்தாலும் குற்றம். போனையே கொண்டுபோய் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் காட்டுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930-க்கு அழைத்தால் வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம். 18 வயதுக்கு உட்பட்டவரின் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமலே அதன் அடையாளக் குறியை மட்டும் எடுத்து, சேவையில் சேர்ந்துள்ள தளங்களில் அதைத் தேடி நீக்க உதவுகிறது.

நம் தென்மாவட்டங்களில் போன் வழியாக வரும் இன்னொரு நஞ்சு சாதிப் பெருமை ரீல்ஸ். அரிவாளும் மீசையும் பாட்டுமாக வருவதைப் பார்த்துப் பையன் கையில் வண்ணக் கயிறு ஏறுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் போன்றவற்றுக்குப் பள்ளிகளில் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது. வீட்டில் சாப்பிடும்போது மற்ற சாதிக்காரர்களைப் பற்றி நாம் பேசுவதைத்தான் பையன் முதலில் கேட்கிறான்.

ஆறாம் படி: 'அவர் என்னைத் தொட்டார்' என்று பிள்ளை சொன்னால்

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

தொட்டவர் பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருப்பார். சொந்தக்காரர், வண்டி ஓட்டுபவர், டியூஷன் மாஸ்டர், வீட்டு உரிமையாளர், பெரிய பையன். அதனால்தான் பிள்ளை தயங்குகிறது, நாமும் நம்ப மறுக்கிறோம். பையன்களுக்கும் இது நடக்கிறது. பையன்களை யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்கள் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும்.

கேட்டதும் முகத்தை நிதானமாக வைத்துக்கொண்டு மூன்று வாக்கியம் சொல்லுங்கள்: நான் நம்புகிறேன். உன் மேல் தப்பில்லை. சொன்னது நல்லது. 'ஏன் அப்பவே சொல்லல', 'நீ என்ன டிரஸ் போட்டிருந்த' என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியமும் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. யார், எங்கே, எப்போது என்பதைத் தவிர எதையும் துருவ வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, அதே சொல்லில், தேதி போட்டு எழுதி வையுங்கள். சித்தப்பாவிடம் ஒரு தடவை, பாட்டியிடம் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளையைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்தும்.

சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், அப்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். எச்ஐவி வராமல் தடுக்கும் மருந்தும் கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் கொடுக்க வேண்டியவை. வழக்குப் பதிந்த காகிதம் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. அரசு, தனியார் இரண்டுமே முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம்.

புகார் கொடுக்க வழிகள் இவை: 24 மணி நேரமும் இயங்கும் 1098, அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம், அல்லது எந்தக் காவல் நிலையமும். பிள்ளையை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். வழக்கு முடியும்வரை கூட வர ஓர் உதவியாளரைக் குழு நியமிக்கும், அவரைக் கேட்டு வாங்குங்கள். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. தீர்ப்புக்கு முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கவும் உரிமை உண்டு. பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது.

பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று யாராவது வருவார்கள். ஊர்ப் பெரியவராக இருக்கலாம், பள்ளி நிர்வாகமாக இருக்கலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். இது சமாதானம் பேசி முடிக்கக்கூடிய குற்றம் இல்லை. தெரிந்தும் புகார் கொடுக்காத பெரியவருக்கு 6 மாதம் வரை, அதுவே நிறுவனத் தலைவராக இருந்தால் ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தில் புகார் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. இதை ஹெட்மாஸ்டரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லலாம்.

எல்லாம் ஆனபிறகும் பிள்ளைக்குப் பள்ளி, விளையாட்டு, தூக்கம் எல்லாம் முன்போலத் தொடர வேண்டும். உடனே வேறு ஊரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், தண்டனை தனக்குத்தான் என்று அது நினைத்துக்கொள்ளும்.

ஏழாம் படி: படிப்பு நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்

பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றில் சேராத பிள்ளையைச் சுற்றி எல்லா ஆபத்தும் ஒன்றாகக் கூடுகிறது. பெண் பிள்ளைக்குக் கல்யாணம் அல்லது மில் வேலை. பையனுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போகும் ஏஜென்ட். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்களை முறுக்குக் கம்பெனிக்கு என்று வடமாநிலங்களுக்குக் கூட்டிப்போய், பின்னர் அங்கிருந்து மீட்டு வந்த செய்திகளை இந்தப் பக்கத்தில் கேள்விப்படாதவர் குறைவு. 14 வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில் கூடாது. மற்ற வேலைகளிலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது.

கல்யாணம் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது: பெண் யாருடனோ பேசுவது தெரியவருகிறது, வீடு நடுங்குகிறது, ஒரு மாதத்துக்குள் தாய்மாமன் மகனுக்கோ வேறு சொந்தத்திலோ முடித்துவிடுகிறார்கள். மானம் காப்பாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். ஆனால் 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் நடத்தினால் 2 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அதைவிடப் பெரியது, 18 ஆகாத மனைவியோடு உறவு கொள்வதும் பாலியல் வன்கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. அந்தப் பெண் கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் வயது தெரிந்து மாப்பிள்ளை போக்சோவில் உள்ளே போகிறார். பதினாறு வயது இடுப்பெலும்பு பிரசவத்துக்கு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, ஏற்கெனவே ரத்தமும் குறைவு. தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து கூடுகிறது. காதலித்த பையனோடு போனாலும் சட்டம் அதேதான், 18-க்குள் சம்மதம் என்ற பேச்சே இல்லை. இதைப் பையன்களுக்கும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு என்று தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது. நம் மாநிலத்தில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். முன்கூட்டியே தெரிந்தால் நீதிமன்றத் தடை வாங்கலாம், அந்தத் தடையை மீறி நடத்தினால் அந்தத் திருமணமே செல்லாது. தாலி கட்டும் காலையில் சொல்வதை விடப் பத்திரிகை அடிக்கும்போதே சொன்னால் பெண்ணுக்கும் அவமானம் குறைவு.

காசுக்காகப் படிப்பை நிறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போனால் 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் கணக்கில் வரும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். அந்தப் பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும், அவ்வளவுதான். ஆனாலும் 'என் காசில் படிக்கிறேன்' என்று வீட்டில் ஒரு பெண் சொல்ல முடிவது சின்ன விஷயம் இல்லை.

எட்டாம் படி: ரிசல்ட் நாளும் அதைச் சுற்றிய நாட்களும்

ரிசல்ட் வருவதற்கு முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: எந்த மார்க் வந்தாலும் சாயங்காலம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். தோற்றால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, அதே ஆண்டில் மேலே படிக்கலாம். அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அக்கம்பக்கத்தில் மார்க் விசாரிக்க வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுவதும் உங்கள் வேலைதான்.

தூக்கம் மாறுவது, சாப்பிடாமல் இருப்பது, பிடித்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுப்பது, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்ற பேச்சு, இவை தெரிந்தால் நேராகக் கேளுங்கள்: 'செத்துடலாம்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல வழி கிடைக்கும். 'ஆமாம்' என்றால் பக்கத்திலேயே இருங்கள், 14416 'நட்புடன் உங்களோடு' அல்லது 104-க்கு அழையுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். விவசாயம் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்தும் எலிமருந்தும் பூட்டுக்குள் இருக்க வேண்டும், சாவி பெரியவர் இடுப்பில் இருக்க வேண்டும். மாத்திரைகளும் அப்படியே. கோபத்தின் வேகம் சில நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிள்ளை அன்றைக்கு நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். சில விஷங்கள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈரலைத் தாக்கும்.

ஒன்பதாம் படி: எண்கள், அப்புறம் கதவு திறக்காவிட்டால்

பிள்ளைக்கு உதவி 1098. ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. மனநலம் 14416. பள்ளிக்கல்வி உதவி 14417. சைபர் பண மோசடி 1930. பெண்களுக்கு 181. பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளையின் கண் உயரத்தில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலோ பீரோ கதவிலோ ஒட்டுங்கள். 1098-ஐ ஒரு முறை பிள்ளையையே சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்: பத்து, ஒன்பது, எட்டு.

ஸ்டேஷனில் 'நாளைக்கு வாங்க', 'இது எங்க லிமிட் இல்லை' என்று சொல்வதும் நடக்கும். போக்சோ புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை பார்க்காமல் பதிந்துவிட்டு அவர்கள்தான் மாற்றி அனுப்ப வேண்டும். பதிய மறுக்கும் காவலர் மீதே அந்தச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்கலாம். யாரிடம், எந்த நேரத்தில் பேசினீர்கள் என்று குறித்துக்கொண்டு, புகாரை எழுதிப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். மதுரை நகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று வெளியே இருந்தால் மாவட்ட எஸ்.பி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளில் அதே மனுவின் நகலைக் கொடுத்து, மனு எண்ணுடன் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நகலெடுக்க ஆகும் பத்து ரூபாயில் சிக்கனம் பார்க்காமல் எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.